கம்பி வழியே வந்த ஆட்டம்

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் பழுது பார்த்து முடித்த நாலு செட்டுகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நாலிலும் சேப்பாக்கம். செட்டை வாங்கிப் போக வந்தவர்கள் போகாமல் வாசலிலேயே நின்றார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் கடைசி ஓவர். கிரெக் மேத்யூஸ் பந்து வீசுகிறார், ரவி சாஸ்திரியும் மணீந்தர் சிங்கும் நிற்கிறார்கள்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரே கவலைதான். சானடோரியம் பக்கமிருந்து எலெக்ட்ரிக் ரயில் வந்துவிடக் கூடாது. ரயிலின் மேல்கொம்பு கம்பியில் உரசித் தெறிக்கும் பொறி, மீடியம் வேவ் ரேடியோவில் கரகரவென்று இறங்கும். பாதையோரத்தில் கடை வைத்த எல்லோருக்கும் தெரிந்த தொல்லை அது. அன்று ரயில் வரவில்லை. சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார், மணீந்தர் எல்.பி.டபிள்யூ. ஆனார், 347-க்கு எல்லோரும் அவுட். "ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ரெண்டும் இல்லீங்கய்யா" என்றார் அப்பா. டெஸ்ட் வரலாற்றிலேயே அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் அப்படி முடிந்திருந்தது.

வாசலில் நின்ற யாரும் ஒன்றைக் கேட்கவில்லை: இந்த ஆட்டத்தை ரேடியோவில் சொல்ல யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள்? கேட்கத் தோன்றாத காலம். ஆகாசவாணி ஒன்றுதான், அது சொல்லும், நாம் கேட்போம். அடுத்த முப்பது வருஷத்தில் என் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போனது.

அப்பா வால்வு செட் காலத்து மெக்கானிக். நான் பத்தாம் வகுப்பு முடித்ததும் ஈயம் வைக்கப் பழகினேன். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால், அதிலும் பொங்கல் டெஸ்ட் என்றால், இரண்டு வாரம் முன்பிருந்தே கடையில் செட்டுகள் குவியும். எல்லோருக்கும் ஆட்டத்துக்கு முன்னால் வேண்டும். தமிழ் வர்ணனை அப்போது உச்சத்தில் இருந்தது. கூத்தபிரான், ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் என்று மூன்று குரல்கள். அப்துல் ஜப்பார் பேசினால் பந்து எங்கே விழுந்தது, மட்டையாளர் காலை எங்கே வைத்தார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கிரிக்கெட் தெரியாத என் அம்மா அடுப்படியிலிருந்தே ஸ்கோர் சொல்வார். நல்ல வர்ணனையாளர் ஸ்கோரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதை நான் அம்மாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். நடுவில் வந்து சேருகிறவருக்கு ஆட்டம் புரிய வேண்டுமே. பின்னால் நானே பையன்களை மைக் முன்னால் உட்கார வைத்தபோது முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

சேப்பாக்கத்திலிருந்து குரல் தொலைபேசிக் கம்பியில் காமராஜர் சாலை வானொலி நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து ஆவடி டிரான்ஸ்மிட்டருக்குப் போகும், ஆவடியிலிருந்து 720 கிலோஹெர்ட்ஸில் எங்கள் கடைக்கு வரும். மைதானம், கம்பி, கோபுரம், செட் என்று நாலு படி. செட்டைத் தவிர மற்ற மூன்றும் அரசாங்கத்தின் கையிலோ அரசாங்கம் சொன்னால் கேட்கிற இடத்திலோ இருந்தன. அதனால் உரிமை என்ற பேச்சே எழவில்லை.

1991-இல் ஏஷியாசாட் வழியாக ஸ்டார் டி.வி. வந்தது. அடுத்த வருஷம் அப்பாவிடம் சண்டை போட்டு, அம்மாவின் இரண்டு வளையலை வைத்து, மொட்டை மாடியில் பன்னிரண்டு அடி டிஷ் போட்டேன். முதல் மாதம் 40 வீடு. ஆறு மாதத்தில் 200. மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்கு, மாமரத்திலிருந்து மாடிக்கு, கோஆக்சியல் கம்பியை நானே தோளில் சுமந்து இழுத்தேன். முந்நூறு அடிக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர். மழை பெய்தால் தெருவே எனக்கு ஆளனுப்பும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கிய பிறகு கனெக்‌ஷன் கேட்டு வீட்டு வாசலில் வரிசை நின்றது.

அந்த வருஷம் நவம்பரில் ஹீரோ கோப்பை. அதுவரைக்கும் கிரிக்கெட் என்றால் தூர்தர்ஷன்தான். வங்காள கிரிக்கெட் சங்கம் டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒளிபரப்பு உரிமையை விற்றுவிட்டது. ஆட்டத்தை நடத்துவது நாங்கள், யாருக்கு வேண்டுமானாலும் விற்போம் என்றது சங்கம். இந்த நாட்டின் காற்றில் அலை அனுப்பும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்றது அரசு. வந்திறங்கிய கருவிகள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. கல்கத்தா உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு ஓடும்போதே ஆட்டங்களும் ஓடின. ஈடன் கார்டன்ஸ் அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவை என்றபோது கடைசி ஓவரை டெண்டுல்கர் வீசி மூன்றே ரன் கொடுத்தாரே, அந்த ராத்திரி என் கன்ட்ரோல் ரூமில் இருபது பேர் நின்றார்கள். எனக்கு ஆட்டம் பாதி, சிக்னல் போய்விடுமோ என்ற பயம் பாதி.

தீர்ப்பு 1995 பிப்ரவரி 9 அன்று வந்தது. என் சந்தாதாரர்களில் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய் வரும் ஒரு வக்கீல் இருந்தார். மாதச் சந்தா வாங்கப் போனபோது உட்கார வைத்து விளக்கினார். தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நம்மூர் எஸ். மோகன் என்று சொல்லிவிட்டு, "காற்றலை பொதுச்சொத்து. அரசாங்கத்துக்கும் சொந்தமில்ல, தனியாருக்கும் சொந்தமில்ல. அதை ஒழுங்குபடுத்த ஒரு பொது அமைப்பு வேணும்னு சொல்லியிருக்காங்க. உனக்கு இதுல என்ன இருக்குன்னு பாத்துக்க" என்றார்.

எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை. அதே வருஷம் கேபிள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டேன். ஒருகாலத்தில் ரேடியோ வைத்திருக்க அப்பா லைசென்ஸ் கட்டியதும் தபால் நிலையத்தில்தான். அந்த ரசீதைச் சட்டம் போட்டு மாட்டினேன். நானும் ஒரு நிலையத்துக்கு உரிமையாளன் என்ற பெருமை எனக்கு இருந்தது, இன்றும் அதை நினைத்தால் மகிழ்ச்சிதான்.

உண்மையில் அப்போது அது நிலையம்தான். அனலாக் காலத்தில் ஒரு மாடுலேட்டர் வாங்கி ஹெட் எண்டில் சொருகினால் ஒரு சேனல் உங்களுடையது. வி.சி.ஆரில் படம் போடலாம், கோயில் திருவிழா காட்டலாம், பள்ளி ஆண்டுவிழா காட்டலாம். அப்படி நான் தொடங்கிய லோக்கல் சேனலில்தான் 1998 மே மாதம் முதல் கிரிக்கெட் நேரடி ஒளிபரப்பு செய்தேன்.

முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு காலி மைதானம். டென்னிஸ் பால் நாக் அவுட், 32 அணிகள். குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் இருந்து வந்தார்கள். ரயில்வே ஊழியர் அணி ஒன்று, விமானப்படைத் தளத்திலிருந்து ஒன்று. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் இரண்டு வி.எச்.எஸ். கேமராவும் ஒரு மிக்சரும் வாடகைக்கு எடுத்தேன். மைதானத்திலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு எழுநூறு மீட்டர் கம்பி, நடுவில் இரண்டு ஆம்ப்ளிஃபையர், கரண்ட் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து. வர்ணனைக்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். அப்துல் ஜப்பாரைக் கேட்டு வளர்ந்தவன். முதல் நாள் படம் தெரிகிறதே என்று பேசாமல் இருந்தான். "தம்பி, எங்கம்மா அடுப்படியில இருக்காங்கன்னு நெனச்சுப் பேசு" என்றேன். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று இரவு சந்தைப் பக்கம் தெருவில் நடந்து போனேன். வரிசையாக வீடுகளில் அந்தப் பையனின் குரல் கேட்டது. அதே நேரத்தில் பெரிய சேனல் ஒன்றில் ஒரு சர்வதேச ஆட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் எதிர்வீட்டுப் பையன் பேட் செய்கிற ஆட்டம்தான் தெரிந்தது. என் தொழில் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய இரவு எனக்கு அமையவில்லை.

விளம்பரத்தில் ஒரு மிட்டாய்க் கடை, ஒரு அடகுக் கடை, ஒரு டியூஷன் சென்டர், இரண்டு நகரில் மனை விற்கும் ஒருவர். செலவு போக நாலாயிரம் மிஞ்சியது. மறுவருஷம் டோர்னமென்ட் கமிட்டியினர் நாலு பேர் என் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, போன தடவை நாங்க ஒண்ணும் கேக்கல. இந்தத் தடவை கிழக்குத் தாம்பரத்து கேபிள்காரரு ஐயாயிரம் தரேங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் கம்பி இழுத்து, நான் கேமரா பிடித்து, நான் ஊருக்குக் காட்டியதால்தானே இந்த டோர்னமென்டுக்கு இவ்வளவு பேர் என்று. ராத்திரி படுத்து யோசித்தபோது வக்கீல் சார் சொன்னது ஞாபகம் வந்தது. கல்கத்தாவில் சங்கம் கேட்டதும் இதைத்தானே? விளையாடுவது அவர்கள், பந்தலும் பரிசும் அவர்களுடைய செலவு. ஆட்டம் அவர்களுடையது. நான் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். அந்த வித்தியாசம் எனக்கு முதன்முதலில் புரிந்தது சட்டப் புத்தகத்தில் அல்ல, அந்த நாலு பையன்களின் கூச்சமான முகத்தில்.

மூன்று வருஷத்துக்குச் சேர்த்து 15,000 பேசி, முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுத்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கினேன். அதில் இரண்டு தவறு செய்தேன். ஒன்று, சிக்னல் எந்த எல்லையோடு நிற்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. முதல் அரையிறுதியின்போதே ரயில் பாதைக்குக் கிழக்கே என் படம் ஓடுகிறது என்று தெரிந்தது. பாதையோரத்து வீடு ஒன்றிலிருந்து சுரங்கப்பாதை வழியாகக் கம்பி போயிருந்தது. அந்த வீட்டுக்காரர் எனக்கு ஒழுங்காகச் சந்தா கட்டுபவர். கேட்டால், "கனெக்‌ஷன் எனக்குக் குடுத்தீங்க, நான் என் மச்சானுக்குக் குடுத்தேன்" என்றார். பதில் சொல்ல என்னிடம் காகிதம் இல்லை.

இரண்டாவது தவறு பெரியது. கமிட்டிக்கு ஆட்டம் சொந்தம், ஆனால் மைதானம் சொந்தமில்லை. இரண்டாவது வருஷம் பொங்கல் கழிந்து போய்ப் பார்த்தால் எல்லைக்கல் நட்டு, மனை பிரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். இன்று அங்கே மூன்று மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. கமிட்டிப் பையன்கள் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் தலைகுனிந்து நின்றார்கள். அதற்காக நான் அவர்களை ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஆட்டம் ஒருவருடையது, மண் ஒருவருடையது, கம்பி என்னுடையது, கம்பி தொங்கும் கம்பம் மின்வாரியத்துடையது. இதில் எந்த ஒன்று நழுவினாலும் ஒளிபரப்பு நின்றுபோகும். பெரிய உரிமை ஒப்பந்தங்கள் ஏன் நூறு பக்கம் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மைதானத்தைத்தான் சொல்வேன்.

இதற்குள் மேலே வேறு ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. விளையாட்டுச் சேனல்கள் ஒவ்வொன்றாகக் கட்டணச் சேனல்களாயின. டீகோடர் பெட்டி வாங்க வேண்டும், எத்தனை வீடு என்று கணக்குச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். கணக்கைக் குறைத்துச் சொல்வது எங்கள் தொழிலில் இருந்தது, நானும் சொன்னேன். முழுக் கணக்கும் சொன்னால் அந்தத் தொகையைச் சந்தாவில் ஏற்ற முடியாது, ஏற்றினால் அடுத்த தெரு ஆபரேட்டரிடம் போய்விடுவார்கள். அது நியாயமில்லை என்று தெரிந்தே செய்தேன். பெரிய தொடர் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் வசூலுக்கு ஆள் வருவார். பேச்சு முறிந்தால் டாஸ் போடும் நேரத்தில் திரை கறுப்பாகும். ஆட்டம் கையில் இருப்பவருக்கும் கம்பி கையில் இருப்பவருக்கும் நடந்த இழுபறி அது. அப்போதெல்லாம் கம்பிக்காரன் பக்கமும் பலம் இருந்தது. ஒரு ஊருக்கு வேறு வழி கிடையாது.

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் கேஸ் (CAS) என்ற பெட்டி முறை வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமானால் பெட்டி வாங்கு என்றார்கள். மக்கள் பெட்டி வாங்க முன்வரவில்லை. 2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தான் போனது, ஒளிபரப்பு உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம். பெட்டி இல்லாத சென்னை என்ன செய்யும்? வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, கடைசியில் தூர்தர்ஷனும் காட்டியது. சேவாக் முல்தானில் 309 அடித்தபோது எங்கள் பகுதியில் பழைய ஆன்டெனாக்களை மறுபடி மாடியில் ஏற்றியிருந்தார்கள். இரண்டு நாளில் பதினேழு ஆன்டெனாக்களுக்கு நானே திசை பார்த்துக் கொடுத்தேன். கேபிள்காரன் ஆன்டெனா கட்டுவதா என்று என் பையன் கேட்டான். கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதைச் செய்து கொடுப்பதுதான் நம் வேலை என்றேன்.

அடுத்த சண்டை எங்கள் ஊர் ஆட்டத்திலேயே நடந்தது. 2007 ஜனவரி 27, சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுடன் ஒருநாள் ஆட்டம். உரிமை நிம்பஸ் நிறுவனத்திடம். டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தூர்தர்ஷன் ஏழு நிமிடம் தாமதமாகக் காட்டியது. என் தங்கை மகன் ஸ்டேடியத்தில் இருந்தான். விக்கெட் விழுந்ததும் செல்போனில் சொல்வான். நான் கடை வாசலில் தூர்தர்ஷன் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்வேன். ஏழு நிமிடம் கழித்துத் திரையில் அந்த விக்கெட் விழும். முதல் இரண்டு தடவை ஆரவாரம் செய்தவர்கள் பிறகு, "வேணாம்ணே, சொல்லாதீங்க" என்றார்கள். ஆட்டத்தில் விற்பனைக்கு இருப்பது படம்கூட இல்லை, அந்த நிமிடம்தான் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தொடரில் இந்தியா தோற்ற ஒரே ஆட்டமும் அதுதான்.

அந்தத் தகராறின் பலனாக அந்த வருஷமே சட்டம் வந்தது. நாட்டுக்கு முக்கியமான ஆட்டங்களை உரிமை வாங்கியவர், தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். விளம்பர வருமானத்தில் தொலைக்காட்சி என்றால் உரிமைக்காரருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. வானொலி என்றால் ஆளுக்குப் பாதி. வானொலிக்குத் தனி விகிதம் எழுதியிருக்கிறார்கள் என்று படித்தபோது அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ரேடியோவ இன்னும் கணக்குல வச்சிருக்காங்களா?" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ரேடியோவைப் பற்றி எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. இந்தியாவில் எஃப்.எம். முதலில் ஒலித்த ஊர் சென்னை, 1977 ஜூலை 23-இல். சென்னைக்குத் தனியார் எஃப்.எம். 2003-இல் வந்தது. மிர்ச்சி, சூரியன், பின்னால் ஹலோ, ரேடியோ சிட்டி, பிக், ஆஹா என்று வரிசையாக வந்தன. ஆட்டோவிலும் சலூனிலும் டீக்கடையிலும் மறுபடி ரேடியோ ஒலித்தது. ஆனால் ஒன்றிலும் கிரிக்கெட் வர்ணனை கிடையாது. செய்தி சொல்லக் கூடாது, நேரடி ஆட்டம் சொல்லக் கூடாது. பாட்டுக்கு நடுவில் ஸ்கோர் சொல்வதோடு சரி. 2011-இல் வந்த மூன்றாம் கட்ட விதிகளில்தான் விளையாட்டுத் தகவல் சொல்லலாம், உள்ளூர் அளவிலான போட்டிகளுக்கு நேரடி வர்ணனை செய்யலாம் என்று இடம் கொடுத்தார்கள். அதைப் படித்ததும் எனக்குத் தெரிந்த ஒரு எஃப்.எம். விளம்பரப் பிரிவு நண்பரிடம் ஓடினேன். தாம்பரத்தில் ஒரு நாக் அவுட், மூன்று நாள், கம்பி, மைக் எல்லாம் என் செலவு, நீங்கள் காற்றில் விடுங்கள் என்றேன். அவர் நல்லவர், உண்மையைச் சொன்னார். "அண்ணே, எங்க டவர் மொத்த சென்னைக்கும் போகுது. எண்ணூர்ல இருக்கறவன் பெருங்களத்தூர் மேட்ச எதுக்குக் கேக்கணும்? அவன் கேக்கலன்னா விளம்பரக்காரன் குடுக்க மாட்டான்." விதி உள்ளூருக்கு வழிவிட்டது, கோபுரம் உள்ளூர் அளவில் இல்லை.

என் அக்கா மகன் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இருக்கிறான். ஒருமுறை ஊருக்கு வந்தபோது அங்கே பேஸ்பால் வானொலி நடக்கும் விதத்தைச் சொன்னான். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டதில் அவனுக்குச் சாப்பாடு ஆறிவிட்டது. அங்கே வானொலி உரிமை ஒவ்வொரு அணியின் கையிலும் இருக்கிறது. அவன் ஊர் அணியான கார்டினல்ஸ், கே.எம்.ஓ.எக்ஸ். என்ற நிலையத்தில் ஐம்பது வருஷம் இருந்தது. அது 50,000 வாட் நிலையம், ராத்திரியில் பல மாநிலங்களுக்குக் கேட்கும். 2006-இலிருந்து அணி வேறு நிலையத்துக்கு மாறியது. கே.டி.ஆர்.எஸ். என்ற அந்த நிலையத்தில் பாதிப் பங்கையே அணி வாங்கிவிட்டது. ஆட்டமும் தனது, நிலையமும் தனது. 2011-இல் மறுபடி பழைய நிலையத்துக்கே திரும்பியது.

"ஏன்டா திரும்புனாங்க?" என்று கேட்டேன். "காரணம் பல சொல்வாங்க மாமா. ஆனா தூரத்துல இருக்கற ரசிகர்களுக்குப் புது நிலையம் கேக்கலைன்னு குறை இருந்துச்சு. அது 5,000 வாட்தான்" என்றான். அதை நான் உடனே நம்பினேன். மீடியம் வேவ் ராத்திரியில் எப்படித் தாவும் என்பது இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலையத்தின் பத்திரம் அணியின் கையில் இருந்தாலும், ராத்திரி பத்து மணிக்கு இருநூறு மைல் தள்ளி ஒரு விவசாயியின் செட்டில் கரகரப்பு இல்லாமல் குரல் வர வேண்டும்.

இங்கே அப்படி ஒரு அணி ஒரு நிலையத்தை வாங்கி நடத்த வழியே இல்லை. ஐ.பி.எல். போட்டியில் ஆடும் சூப்பர் கிங்ஸ் சென்னை அணிதான், ஆனால் அதன் ஆட்டத்தை விற்பது கிரிக்கெட் வாரியம். எல்லா அணிகளின் ஆட்டங்களையும் மொத்தமாக விற்றுப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. 2022 ஏலத்தில் ஐந்து வருஷத்துக்கு 48,390 கோடி. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் கத்துகிற சத்தம் தாம்பரத்துக்கு வர வேண்டுமானால், அது முதலில் மும்பையில் விற்கப்பட்டாக வேண்டும். தமிழில் வர்ணனை கேட்கக் கிடைக்கிறது, 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு தினமும் கிடைக்கிறது, அது பெரிய நன்மை. ஆகாசவாணியும் 2019 செப்டம்பரில் வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டு உள்நாட்டு ஆட்டங்களுக்கு மறுபடி வர்ணனை சொன்னது. ஆனால் ரேடியோவில் எங்கள் ஊர் ஆட்டத்தை எங்கள் ஊர்க் குரல் எங்கள் ஊருக்கு மட்டும் சொல்வது என்பது, சட்டம் தடுக்காதபோதும் நடக்காமலே போய்விட்டது.

டிஜிட்டல் வந்தது என் நிலையத்துக்கு முடிவு. எல்லாச் சேனலும் பெரிய ஹெட் எண்டில் பூட்டப்பட்டு வரும், பெட்டிதான் திறக்கும். நடுவில் மாடுலேட்டர் சொருக இடமில்லை. லோக்கல் சேனல் வேண்டுமானால் மேலே இருக்கும் நிறுவனத்திடம் இடம் கேட்டு, மாத வாடகை கட்ட வேண்டும். கேட்டேன். அவர்கள் சொன்ன வாடகை என் வருஷ விளம்பர வருமானத்தைவிட அதிகம். இருபது வருஷம் ஓடிய சேனலை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நானே நிறுத்தினேன். கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது சேலையூர்க் கோயில் தேரோட்டம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல். கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டில் சாய்ந்த மரங்களைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. என் கம்பிகள் தெருத்தெருவாக மரத்தோடு கிடந்தன. முந்தைய வருஷ வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் ஆம்ப்ளிஃபையர்கள் போயிருந்தன, அந்தக் கடனே முடியவில்லை. நாலே நாளில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து டெஸ்ட் தொடங்கிவிட்டது. கருண் நாயர் முந்நூறு தாண்டிய 19-ஆம் தேதி நான் பெருங்களத்தூரில் ஏணி மேல் இருந்தேன். கீழே தெருவில் ஒரு பாட்டி, "கேபிள்காரத் தம்பி, ஆட்டம் என்னாச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா கடையில் நாலு செட்டில் ஒலித்த அதே மைதானம், அதே தூரம்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், உரிமைக்காரர்கள் தூர்தர்ஷனோடு பகிரும் ஆட்டங்களைத் தனியார் கேபிள் வழியாக அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டது. தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும் மட்டும்தான். உரிமைக்குக் கோடிகளில் பணம் கட்டியவர் பக்கம் அதில் நியாயம் இருக்கிறது, நானும் ஒருகாலத்தில் 15,000 கட்டியவன்தான். ஆனால் இலவச ஆட்டம் எங்கே என்று கேட்டு வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு அதை விளக்கிச் சொன்னது நானும் என் பையனும். பிறகு செல்போனில் ஐ.பி.எல். இலவசமாகவே வந்தது. கம்பிக்கு வெளியே ஊருக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. 1,100 கனெக்‌ஷன் இருந்த இடத்தில் இப்போது 300-க்குக் கொஞ்சம் மேல். பையன் பிராட்பேண்ட் போடுகிறான், அதில்தான் குடும்பம் ஓடுகிறது.

போன மே மாதம் வரதராஜபுரம் பக்கமிருந்து மூன்று பையன்கள் வந்தார்கள். இரவு நேர டென்னிஸ் பால் டோர்னமென்ட், 24 அணிகள், யூடியூபில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள். இரண்டு செல்போன், ஒரு லேப்டாப், ஸ்கோர் காட்ட ஒரு ஆப். மைதானத்தில் மொபைல் சிக்னல் விட்டு விட்டு வருகிறது, ஒரு ஃபைபர் லைன் இழுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள்.

"யாரு பேசறது?" என்று கேட்டேன். ஒல்லியாக நின்ற ஒருவன் கையைத் தூக்கினான். பொறியியல் கல்லூரி முதலாண்டு. பேசிக் காட்டச் சொன்னேன். பந்து வீச்சாளர் ஓடிவருவதிலிருந்து தொடங்கி ஆறு பந்து பேசினான். நன்றாகவே பேசினான். ஸ்கோர் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

"ஓவருக்கு மூணு தடவையாச்சும் ஸ்கோர் சொல்லு தம்பி. நடுவுல வந்து பாக்கறவங்க இருப்பாங்க" என்றேன். பிறகு மைதானம் யாருடையது என்று கேட்டேன். பஞ்சாயத்து நிலம், கடிதம் வாங்கிவிட்டோம் என்று காட்டினார்கள். படித்துப் பார்த்தேன், தேதியும் முத்திரையும் சரியாக இருந்தன. கம்பத்திலிருந்து மைதானத்துக்கு நானூறு மீட்டர் என்று பையன் அளந்து சொன்னான். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் ஏணியோடு போய்ச் சேர்ந்தோம்.